ஆல்வின் பிளான்டிங்காவ படிக்கப் போறீங்களா, கையில ஒரு பென்சில் வச்சுக்கங்க

முதல்ல ஒரு விஷயம், 'வாரன்டட் கிறிஸ்டியன் பிலீஃப்'ல இருந்து ஆரம்பிக்காதீங்க. அமெரிக்க கிறிஸ்தவ தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா எழுதுனதுலயே பெரிய புக்கு அதுதான்னு யாராவது சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா அது 2000ல வந்தது, 500 பக்கம், மூணு புக் வரிசைல மூணாவது. முன்னாடி ரெண்டுல என்ன அஸ்திவாரம் போட்டாருன்னு தெரியாம நேரா மாடி ஏறப் பாத்தா மூச்சு வாங்கிடும். நான் அப்படித்தான் ஆரம்பிச்சு அறுபது பக்கத்துல மூடி வச்சேன், திரும்ப கையில எடுக்க ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த ரெண்டு வருஷம் உங்களுக்கு வீணாக வேண்டாம்னுதான் இத எழுதறேன்.

நீங்க சர்ச்சுக்குப் போறவரா இருக்கலாம், கடவுளே இல்லைன்னு சொல்றவரா இருக்கலாம், ரெண்டு பேருமே இவர ஒரே மாதிரி தப்பாத்தான் படிக்கிறாங்க. விசுவாசிங்க "பிளான்டிங்கா கடவுள நிரூபிச்சுட்டாரு"ன்னு வாட்ஸ்அப்ல போடறாங்க, மறுக்கறவங்க "எங்க நிரூபிச்சாரு, ஒன்னும் இல்லையே"ன்னு சிரிக்கிறாங்க, ஆனா அவரு அந்த இடத்துல நிரூபிக்கறேன்னே சொல்லியிருக்க மாட்டாரு. சொல்ற அளவுக்கு மேல ஒரு அங்குலம் கூட போகாத ஆளு அவரு. அதனால அவர படிக்கிறப்போ கையில வச்சிருக்க வேண்டிய கேள்வி ஒன்னுதான்: இந்த இடத்துல இவரு எவ்வளவு சொல்றாரு, எங்க நிறுத்திக்கறாரு?

இதுக்கு நான் பண்றது இதுதான். பென்சில் எடுத்துக்குவேன், ஒவ்வொரு வாதமும் முடியற இடத்துல ஓரத்துல நாலு வார்த்தைல ஒன்ன எழுதுவேன். 'முடியும்'னா, அப்படி ஒரு வாய்ப்பு இருக்குன்னு மட்டும் சொல்றாரு. 'தப்பில்ல'ன்னா, அப்படி நம்புறவன் அறிவுக்கு விரோதமா எதுவும் பண்ணலன்னு சொல்றாரு. 'இருந்தா'ன்னா, இது இப்படி இருந்தா அது அப்படி வரும்னு நிபந்தனை போட்டு பேசறாரு. 'உண்மை'ன்னா, இது இப்படித்தான்னு அடிச்சு சொல்றாரு. பத்து பக்கம் இத பண்ணிப் பாருங்க, கடைசி வார்த்தை எவ்வளவு அபூர்வமா வருதுன்னு உங்களுக்கே தெரியும்.

ஆளப் பத்தி கொஞ்சம் தெரிஞ்சுக்கங்க, ரொம்ப வேண்டாம். 1932ல மிச்சிகன் மாநிலத்துல பொறந்தவரு, டச்சு வழி வந்த கால்வினிஸ்ட் குடும்பம் (ஜான் கால்வின்ங்கற சீர்திருத்தவாதி வழில போற புராட்டஸ்டண்டுங்க), கிறிஸ்டியன் ரிஃபார்ம்ட் சர்ச். ஹார்வர்டுல ஸ்காலர்ஷிப் கெடச்சு போனாரு, லீவுல வீட்டுக்கு வந்தப்போ கிராண்ட் ராப்பிட்ஸ்ல இருக்கற சின்ன கால்வின் காலேஜ்ல வில்லியம் ஹாரி ஜெல்லமாங்கறவரோட கிளாஸ்ல போய் உக்காந்து கேட்டாரு, கேட்டுட்டு ஹார்வர்ட விட்டுட்டு கால்வினுக்கே வந்துட்டாரு. அப்புறம் 1958ல யேல்ல பிஎச்டி, டெட்ராய்ட்ல வெய்ன் ஸ்டேட்ல வேலை, 1963ல இருந்து 1982 வரைக்கும் அதே கால்வின்ல ஜெல்லமா இருந்த டிபார்ட்மென்ட்லயே வாத்தியார், அதுக்கப்புறம் 2010 வரைக்கும் நோட்டர் டேம். 2017ல டெம்பிள்டன் பரிசு. அவரு படிக்க ஆரம்பிச்ச காலத்துல இங்கிலீஷ் தத்துவ உலகத்துல 'கடவுள்'ங்கற சொல்லுக்கு அர்த்தமே இல்லைன்னு பேசறதுதான் ஃபேஷனா இருந்துச்சு. 1978ல அவரு, வில்லியம் ஆல்ஸ்டன், நிக்கலஸ் வோல்ட்டர்ஸ்டார்ஃப் எல்லாம் சேந்து சொசைட்டி ஆஃப் கிறிஸ்டியன் ஃபிலாசஃபர்ஸ் ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு நிலைமை வேற.

புக்க திறக்கறதுக்கு முன்னாடி தமிழ்ல படிச்சு வளந்தவங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு, இத சரி பண்ணாம போனா பாதில குழம்பிடுவோம். நாம எல்லாத்துக்கும் 'நம்பிக்கை'தான். பஸ் வரும்னு நம்பிக்கை, அண்ணன் மேல நம்பிக்கை, கடவுள் நம்பிக்கை, பரிட்சைல பாஸ் ஆயிடுவோம்னு நம்பிக்கை. இங்கிலீஷ்ல பிலீஃப், ட்ரஸ்ட், ஃபெய்த், ஹோப்னு அது நாலா பிரியும். நம்ம பைபிள்லயே பாருங்க, 1 கொரிந்தியர் 13ல "விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும்"னு வருதே, அங்க 'நம்பிக்கை' ஹோப்புக்கு வந்த சொல்லு. அதனால நோட்டுல முதல் பக்கத்துலயே எழுதி வச்சுக்கங்க: பிலீஃப்னா 'இது இப்படித்தான்னு ஏத்துக்கறது', ரொம்ப சாதாரணம், "வெளிய மழை பெய்யுது"ங்கறதும் ஒரு பிலீஃப்தான். ஃபெய்த்னா விசுவாசம், அது அவருக்கு தனி விஷயம். இன்னொன்னு, விசுவாசம்னா இருட்டுல குதிக்கறதுன்னு நெறைய பேர் நினச்சிட்டு இருக்கோம், பிளான்டிங்கா அப்படி நினைக்கவே இல்ல, கால்வின் சொன்னத புடிச்சுக்கிட்டு விசுவாசமும் ஒரு வகை அறிவுதான்னு சொல்றாரு. இது புரியாம அவர படிக்கறது கண்ணாடி இல்லாம படிக்கற மாதிரி.

சரி, எங்க ஆரம்பிக்கறது? 'அட்வைஸ் டு கிறிஸ்டியன் ஃபிலாசஃபர்ஸ்'ங்கற கட்டுரைல. 1983 நவம்பர்ல நோட்டர் டேம்ல பேசுன பேச்சு, அடுத்த வருஷம் 'ஃபெய்த் அண்ட் ஃபிலாசஃபி' பத்திரிகையோட முதல் தொகுதில வந்தது, ஒரே உக்காருல படிச்சுடலாம். கிராண்ட் ராப்பிட்ஸ்ல இருந்தோ அர்க்கான்சாஸ்ல இருந்தோ ஒரு கிறிஸ்தவ பொண்ணு தத்துவம் படிக்க பெரிய யுனிவர்சிட்டிக்குப் போறான்னு வச்சுக்கங்கன்னு சொல்லுவாரு. அங்க போனா அங்க எது பெரிய கேள்வின்னு பேசறாங்களோ அதையே அவளும் தன்னோட கேள்வியா எடுத்துக்கறா. அது தப்புன்னு அவரு சொல்லல, ஆனா அவளோட சபைக்குன்னு சில கேள்விங்க இருக்கே, அத யாரு யோசிப்பான்னு கேக்கறாரு. தனக்கு ஏற்கெனவே தெரிஞ்சதுல இருந்து யோசிக்க ஆரம்பிக்க எல்லாருக்கும் உரிமை இருக்கு, கிறிஸ்தவனுக்கு மட்டும் ஏன் இல்லைங்கறதுதான் அந்த பேச்சோட உயிர். எனக்கு இத படிச்சப்போ காலேஜ் கிளாஸ்ரூம்ல வாய மூடி உக்காந்திருந்த எத்தனையோ மத்தியானம் ஞாபகம் வந்துச்சு.

அடுத்தது 'காட், ஃப்ரீடம் அண்ட் ஈவில்', 1974, நூத்திச்சொச்சம் பக்கம்தான். இங்கதான் பென்சில் ரொம்ப முக்கியம். ஜே. எல். மேக்கி 1955ல ஒரு கட்டுரை எழுதுனாரு, கடவுள் சர்வ வல்லவர், கடவுள் முழுக்க நல்லவர், உலகத்துல தீமை இருக்கு, இந்த மூணையும் ஒரே நேரத்துல சொன்னா முரண்பாடுன்னு. 'சதுரமான வட்டம்' மாதிரி முரண்பாடு. இதுக்கு பிளான்டிங்கா பதில் சொல்றப்போ ஒரு வித்தியாசம் காட்டறாரு, அத விட்டுட்டா புக்கே போச்சு. கடவுள் ஏன் தீமைய அனுமதிச்சாருன்னு காரணம் சொல்றது தியாடிசி, அத நான் பண்ணலங்கறாரு. நான் பண்றது டிஃபென்ஸ், அதாவது ஒரு காரணம் இருக்க முடியும்னு காட்டறது, அவ்வளவே. முரண்பாடுன்னு சொன்னவருக்கு 'முடியும்'னு காட்டுனாலே பதில் முடிஞ்சுது.

அந்த 'முடியும்' எப்படி வருதுன்னு ஒரு உதாரணத்துல கிட்ட போய் பாப்போம், புக்ல பாதி பேர் வழுக்கி விழற இடம் இது. பாஸ்டன் மேயர் கர்லி ஸ்மித், ஒரு ரோடு போடறத எதுத்துட்டு இருக்காரு. ஹைவே டைரக்டர் 35,000 டாலர் லஞ்சம் கொடுக்கறாரு, கர்லி வாங்கிக்கறாரு. அப்புறம் டைரக்டருக்கு தூக்கம் வரல, 20,000க்கே படிஞ்சிருப்பாரோன்னு. இப்ப நீங்க ஒரு பேப்பர்ல ரெண்டு கட்டம் போடுங்க. ஒரு கட்டத்துல, 20,000 நீட்டுனப்போ கர்லி சுதந்திரமா வாங்கிக்கறாரு. இன்னொரு கட்டத்துல, அதே 20,000, அதே நாள், அதே ரூம், எல்லாம் அச்சு அசலா அதேதான், கர்லி சுதந்திரமா வேண்டாம்ங்கறாரு. ரெண்டுமே நடக்கக்கூடிய உலகம்தான். ஆனா கடவுள் அந்த ரூம் வரைக்கும் எல்லாத்தையும் அமைச்சுட்டு கர்லிய சுதந்திரமா விட்டா, எந்தக் கட்டம் நிஜமாகும்னு யாரு கையில இருக்கு? கர்லி கையில. கர்லி வாங்கற ஆளுன்னா, அவரு வேண்டாம்னு சொல்ற அந்த ரெண்டாவது கட்டத்த கடவுளால நிஜமாக்க முடியாது, வலுக்கட்டாயமா கைய மடக்குனா அது சுதந்திரம் இல்லையே. ஆக 'நடக்கக்கூடிய எந்த உலகத்தையும் கடவுளால உண்டாக்க முடியும்'னு நாம போற போக்குல ஒத்துக்கறது தப்பு. லைப்னிட்ஸ்ங்கற பழைய ஜெர்மன் தத்துவவாதி சறுக்குன இடம்னு அதுக்கு பேரே வச்சிருக்காரு. இந்த ரெண்டு கட்டத்த நானு மூணு தடவ போட்டு போட்டுப் பாத்தப்புறம்தான் எனக்கு புடிபட்டுச்சு, வாசிச்சு மட்டும் போனா புடிபடாது.

அங்கிருந்து, எல்லாருமே கர்லி மாதிரி ஏதோ ஒரு இடத்துலயாவது சறுக்கற ஆளாவே இருக்க முடியும்லன்னு போறாரு. இருக்கறாங்கன்னு இல்ல, இருக்க முடியும். நிலநடுக்கம் மாதிரி மனுஷன் பண்ணாத தீமைக்கும், மனுஷன் இல்லாத வேற சுதந்திரமான ஆவிகள் காரணமா இருக்க முடியும்னு சொல்லுவாரு. இங்கதான் மறுக்கறவங்க "சாத்தான்தான் சுனாமி கொண்டு வந்தான்னு எழுதறாரு பாரு"ன்னு சிரிப்பாங்க. ஓரத்துல என்ன எழுதியிருக்கீங்கன்னு பாருங்க, 'முடியும்'. முரண்பாடு இல்லைன்னு காட்ட அவ்வளவு போதும். கடவுள எதுத்து எழுதுன வில்லியம் ரோவே 1979ல, தீமைக்கும் கடவுளுக்கும் தர்க்க முரண்பாடுன்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கலன்னு ஒத்துக்கிட்டு, வேற வழில போனாரு. காட்டுத்தீயில மாட்டி நாள் கணக்குல துடிச்சு சாகற ஒரு மான்குட்டி, யாருக்கும் தெரியாது, யாருக்கும் எந்த பிரயோஜனமும் இல்ல, இது கடவுள் இல்லைங்கறதுக்கு ஒரு சாட்சி இல்லையான்னு கேட்டாரு. இது வேற கேள்வி, இன்னும் கஷ்டமான கேள்வி. 1974 புக்க தூக்கிட்டுப் போய் மான்குட்டிக்கு பதில் சொல்லாதீங்க, அது அதுக்கு எழுதுனது இல்ல.

இன்னொன்னுக்கும் அத தூக்கிட்டுப் போகாதீங்க. எங்க தெருவுல ஒரு வீட்டுல நாலு வயசு குழந்த காய்ச்சல்ல இறந்துடுச்சு. அப்பதான் நான் இந்த புக்க முடிச்சிருந்தேன், மனசு பூரா அதுதான். பந்தல்ல அந்தக் குழந்தையோட அப்பா பக்கத்துல உக்காந்து, அண்ணே, சுதந்திரம் இருக்கற உலகத்துல தீமையும் இருக்கத்தான் முடியும்னு ஆரம்பிச்சு ஒரு பத்து நிமிஷம் பேசினேன். அவரு எதுவும் சொல்லல, பிளாஸ்டிக் சேர் கைப்பிடிய நகத்தால சுரண்டிட்டே இருந்தாரு, அப்புறம் என்னப் பாத்து "தம்பி, சாப்ட்டீங்களா?"ன்னு கேட்டாரு. அன்னைக்கு ராத்திரி புக்க திருப்பிப் பாத்தேன், நான் வேகமா தாண்டி வந்த பக்கத்துல பிளான்டிங்காவே எழுதி வச்சிருக்காரு, இந்த வாதமோ தியாடிசியோ மனசுல புயல் அடிக்கறவங்களுக்கு ஆறுதல் கொடுக்க எழுதுனது இல்ல, அவங்களுக்கு வேணும்ங்கறது தத்துவ விளக்கம் இல்ல, மேய்ப்பனோட பராமரிப்புன்னு. அந்தப் பக்கத்த தாண்டாதீங்க.

அதே புக்கோட கடைசில ஆன்சல்ம்ங்கற துறவியோட ஆன்டாலஜிக்கல் வாதம் வரும், கடவுள்ங்கற கருத்துல இருந்தே கடவுள் இருக்காருன்னு காட்டப் பாக்கற பதினோராம் நூற்றாண்டு வாதம், அத மோடல் லாஜிக் ('முடியும்', 'கண்டிப்பா'ங்கறதப் பத்தின தர்க்கம்) வச்சு புதுசா கட்டியிருப்பாரு. லாஜிக் ஒத்து வருது, ஆனா முதல் வரில ஒரு 'முடியும்' இருக்கு, அத ஒத்துக்கணுமா வேண்டாமாங்கறது உங்க கையில. அதனால இது கடவுள் இருக்காருங்கறதுக்கு நிரூபணம் இல்ல, அப்படி ஏத்துக்கறது பகுத்தறிவுக்கு விரோதம் இல்லைன்னு மட்டும் காட்டுதுன்னு அவரே சொல்லிடுவாரு. ஓரத்துல 'தப்பில்ல'. யூடியூப்ல இத மூணு நிமிஷத்துல "நிரூபிக்கற" வீடியோ நெறைய இருக்கு, புக்க படிக்கறதுக்கு முன்னாடி அதையெல்லாம் பாக்காதீங்க.

மூணாவதா 1983ல வந்த 'ரீசன் அண்ட் பிலீஃப் இன் காட்'ங்கற நீளமான கட்டுரை. இத நிதானமா படிங்க, ஒரு வாரம் ஆனாலும் பரவால்ல. டபிள்யூ. கே. கிளிஃபோர்ட் 1877ல, போதுமான ஆதாரம் இல்லாம எதையும் நம்புறது எப்பவும் எங்கயும் யாருக்கும் தப்புன்னு எழுதுனாரு. கேக்க நல்லாதான் இருக்கு. பிளான்டிங்கா மெதுவா கேக்கறாரு, காலைல என்ன சாப்ட்டேன்னு எனக்கு ஞாபகம் இருக்கே, அதுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கேன்? எதிர்ல உக்காந்திருக்கறவங்களுக்கு என்ன மாதிரியே மனசு இருக்குங்கறதுக்கு? எதுலயிருந்தும் முடிவு கட்டி இதையெல்லாம் நான் நம்பல, நேரடியா நம்பறேன், இது அடிப்படை நம்பிக்கை. எது எது அடிப்படையா இருக்கலாம்னு பழைய ஆளுங்க ஒரு சட்டம் போட்டிருந்தாங்க: தானா விளங்கணும், இல்ல தப்பாவே இருக்க முடியாததா இருக்கணும், இல்ல புலன்களுக்கு நேரா தெரியணும். சரி, அந்த சட்டத்த எடுத்து அதே சட்டத்துல வச்சுப் பாருங்க. அது தானா விளங்குதா? இல்ல. தப்பா இருக்கவே முடியாதா? இல்ல. கண்ணுக்குத் தெரியுதா? இல்ல. வேற எதுலயிருந்தாவது அத நிரூபிச்சாங்களா? அதுவும் இல்ல. தான் போட்ட கோட்டுக்குள்ள தானே நிக்க முடியல. அப்படின்னா கடவுள் நம்பிக்கை மட்டும் அடிப்படையா இருக்கக்கூடாதுன்னு யாரு சொன்னது?

இங்க ரெண்டு தப்பு பண்ணுவோம். அடிப்படைன்னா காரணமே இல்லாததுன்னு நினச்சுக்கறது ஒன்னு. அப்படி இல்ல, ராத்திரி வானத்தப் பாக்கறப்போ இதெல்லாம் யாரோ படைச்சதுன்னு தோணுது, ஒரு தப்பு பண்ணிட்டு உக்காந்திருக்கறப்போ கடவுளுக்கு இது பிடிக்கலன்னு தோணுது, அந்த சூழ்நிலதான் அந்த நம்பிக்கைக்கு தளம், ஆனா அது வாதம் இல்ல. ரெண்டாவது தப்பு, அப்படின்னா எத வேணா அடிப்படைன்னு சொல்லிக்கலாமேங்கறது. இத அவரே எழுப்பிக்கறாரு, பீனட்ஸ் காமிக்ஸ்ல லைனஸ்ங்கற பையன் ஹாலோவீன் ராத்திரி மகா பூசணிக்காய் வரும்னு வருஷா வருஷம் காத்துட்டு இருப்பானே, அதுவும் அடிப்படையா? இல்லங்கறாரு, ஒரு சட்டம் தப்புன்னு சொன்னா சட்டமே வேண்டாம்னு ஆயிடாது, எது சரியான அடிப்படைன்னு உதாரணங்கள்ல இருந்து மேல கட்டிட்டு வரணும்ங்கறாரு. யாரோட உதாரணங்கள்ல இருந்துங்கறதுதான் இங்க நெருடற இடம். அவங்கவங்க சமூகம் அவங்கவங்க உதாரணத்த எடுத்துக்கும்ங்கறாரு, அப்படின்னா எந்தச் சமூகமும் எதையும் அடிப்படைன்னு சொல்லிக்கலாமேன்னு நாத்திக தத்துவவாதி மைக்கேல் மார்ட்டின் அத வச்சுதான் அடிச்சாரு. அந்த அடி சரியாதான் விழுதுன்னு எனக்கு தோணுது. 1983 கட்டுரை மட்டும் இருந்திருந்தா நான் இங்கயே நின்னிருப்பேன்.

இந்தக் கட்டுரைக்கு ஃபிலிப் க்வின் 1985ல மறுப்பு எழுதுனாரு, அதையும் அதுக்கு பிளான்டிங்கா அடுத்த வருஷம் எழுதுன பதிலையும் சேத்துப் படிங்க, இந்த விவாதத்துலயே சுத்தமான சண்டை அதுதான். க்வின் கேட்டது: இன்னைக்கு படிச்ச ஒரு மனுஷனுக்கு தீமைப் பிரச்சின தெரியும், கடவுள் நம்பிக்கை ஆசைல பொறந்ததுன்னு ஃப்ராய்டு சொன்னது தெரியும், இவ்வளவும் தெரிஞ்சப்புறம் வாதமே இல்லாம அடிப்படையா நம்பறது எப்படி சரி? பதில்ல ஒரு கதை வரும். நான் ஒரு சகாவுக்கு லஞ்சம் கொடுக்கறேன்னு லெட்டர் எழுதிட்டேன், அவரு அத டிபார்ட்மென்ட் தலைவர்கிட்ட கொடுத்துட்டாரு, ஆபீஸ்ல இருந்து லெட்டர் காணாம போச்சு. எனக்கு நோக்கம் இருக்கு, வாய்ப்பு இருக்கு, என்ன அந்த ரூம் பக்கம் பாத்ததா நம்பிக்கையான ஒருத்தர் சாட்சியே சொல்றாரு. ஆனா நான் அன்னைக்கு மத்தியானம் பூரா தனியா காட்டுல நடந்துட்டு இருந்தேன், எனக்கு தெளிவா ஞாபகம் இருக்கு. ஊரு பூரா ஆதாரம் எனக்கு எதிரா இருக்கறதால நான் என் ஞாபகத்த விட்டுடணுமா? வேண்டாமே. அந்த ஞாபகமே எதிர் ஆதாரத்த விட பலமானது, வேற வாதம் தேவையில்ல. கடவுள் நம்பிக்கையும் சிலருக்கு அப்படி இருக்க முடியும். 'சிலருக்கு'ங்கறத அடிக்கோடு போடுங்க, எல்லா விசுவாசிக்கும் அவ்வளவு தெளிவு இருக்குன்னு அவரு சொல்லல, எனக்கே எல்லா நாளும் இருக்கறதில்ல.

இப்ப வாரன்ட், அதாவது ஒரு உண்மையான நம்பிக்கைய அறிவாக்கற விஷயத்துக்கு அவரு வச்ச பேரு. 1993ல ரெண்டு புக்கு, 2000ல மூணாவது. மொத்தமும் வேண்டாம்னா 2015ல 'நாலெட்ஜ் அண்ட் கிறிஸ்டியன் பிலீஃப்'னு சின்னதா சுருக்கி எழுதியிருக்காரு, தத்துவம் பாடமா படிக்காதவங்க அதோட நின்னுக்கலாம், தப்பே இல்ல. கேள்வி இதுதான், சும்மா உண்மையா இருக்கற நம்பிக்கைக்கும் அறிவுக்கும் நடுவுல என்ன இருக்கு? நின்னு போன கடிகாரத்த பத்து மணிக்கு பாத்து பத்துன்னு சொல்றோம், கடிகாரமும் பத்துலயே நின்னிருக்கு, உண்மைதான், ஆனா நமக்கு தெரியும்னு சொல்ல முடியாது. 1963ல எட்மண்ட் கெட்டியர் மூணு பக்க கட்டுரைல இந்த ஓட்டைய திறந்து விட்டாரு, அப்ப அவரு வெய்ன் ஸ்டேட்ல பிளான்டிங்காவோட சகா. பிளான்டிங்கா சொல்ற பதில்: ஒரு நம்பிக்கை அறிவாகணும்னா அத உண்டாக்குன மனசோட கருவிகள் ஒழுங்கா வேலை செய்யணும், அதுக்கு ஏத்த சூழ்நிலைல வேலை செய்யணும், அந்தக் கருவியோட நோக்கமே உண்மைய புடிக்கறதா இருக்கணும், அப்படி வேலை செஞ்சா பெரும்பாலும் உண்மையே கிடைக்கற மாதிரி அமைஞ்சிருக்கணும். மூணாவது ஏன்னா, பெரிய வியாதில இருக்கறவருக்கு "நான் பொழச்சுடுவேன்"னு ஒரு நம்பிக்கை வரும், மனசு ஒழுங்காதான் வேலை செய்யுது, ஆனா அதோட நோக்கம் உயிர் பொழைக்கறது, உண்மை இல்ல.

ஃப்ராய்டு சொன்னது சரியா இதுதான். தனிமையும் பயமும் தாங்காம மனுஷன் வானத்துல ஒரு அப்பாவ கற்பன பண்ணிக்கறான், ஆசைல பொறந்த நம்பிக்கை, உண்மைய நோக்கி வந்தது இல்ல. பிளான்டிங்கா இத ரொம்ப மரியாதையோட எடுத்துக்கறாரு, இதுதான் சரியான கேள்வின்னும் சொல்றாரு. அப்புறம் திருப்பி கேக்கறாரு: ஒருவேளை கடவுள் இருக்காரு, நம்மள உண்டாக்குனது அவருதான்னா, தன்னை தெரிஞ்சுக்கற ஒரு உணர்வ நமக்குள்ள வச்சிருக்க மாட்டாரா? கால்வின் அத சென்சஸ் டிவினிட்டாட்டிஸ்னாரு, இடைக்கால இறையியலாளர் அக்குவினாஸும் கிட்டத்தட்ட அதையே சொன்னாரு, பைபிள்ல ரோமர் 1 படிச்சவங்களுக்கு புதுசு இல்ல. பாவத்தால அது பழுதாயிடுச்சு, பரிசுத்த ஆவியானவர் உள்ளுக்குள்ள செய்யற வேலையால சுவிசேஷம் உண்மைன்னு தெரியுதுன்னு அந்த மாடல் இன்னும் விரியும். ஆக கிறிஸ்தவம் உண்மையா இருந்தா அந்த விசுவாசத்துக்கு வாரன்ட் இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். பொய்யா இருந்தா அனேகமா இல்ல. அதனால "உண்மையா பொய்யா எனக்கு தெரியாது, ஆனா அத நம்பறது மட்டும் முட்டாள்தனம்"னு யாரும் நடுவுல நின்னு சொல்ல முடியாது. சொல்லணும்னா கடவுள் இல்லைன்னு முதல்ல காட்டணும். இவரோட எல்லா புக்லயும் எனக்கு ரொம்ப பிடிச்சது இந்த ஒரு திருப்பம்தான், ஓரத்துல 'இருந்தா'ன்னு ரெண்டு தடவ அழுத்தி எழுதி வச்சிருக்கேன்.

அப்ப முஸ்லிமும் இதையே சொல்லலாமே, சைவரும் சொல்லலாமேன்னு உங்களுக்கு வரும், வரணும். மழுப்பாம ஒத்துக்கறாரு, யூதம், இஸ்லாம், இந்து மதத்துல சில வகை எல்லாத்துக்கும் இது மாதிரி ஒன்னு பொருந்தலாம்னு. இங்க நம்ம பக்கத்துல சிவஞான சித்தியார்ங்கற சைவ சித்தாந்த நூல படிச்சவங்க இருந்தா ஒரு நிமிஷம் நிப்பாங்க, காண்டல் கருதல் உரைன்னு (பாக்கறது, ஊகிக்கறது, நூல் சொல்றது) அளவைல ஆரம்பிக்கற நூல் அது, எது வழியா வந்தா அறிவுன்னு முதல்ல பேசிட்டு அப்புறம்தான் பதிக்கு, அதாவது கடவுளுக்கு போகும். கேள்வி நமக்கு அந்நியம் இல்ல. என்னோட கிறிஸ்தவ நண்பர்கள் சில பேருக்கு பிளான்டிங்கா இப்படி ஒத்துக்கறது பிடிக்காது, எனக்கு அவரு மேல நம்பிக்கை வந்ததே அந்த இடத்துலதான்.

2011ல வந்த 'வேர் தி கான்ஃப்ளிக்ட் ரியலி லைஸ்' கடைசியா போதும். பரிணாமத்த எதுக்கறாருன்னு இத தூக்கிட்டு வருவாங்க, அப்படி இல்ல. பரிணாமமும் இருக்கட்டும், இயற்கைக்கு மேல எதுவுமே இல்லைங்கற கொள்கையும் இருக்கட்டும், ரெண்டையும் சேத்து வச்சா நம்ம மனசு ஏன் உண்மைய புடிக்கணும்னு கேக்கறாரு, இயற்கைத் தேர்வுக்கு நாம சரியா ஓடுனா போதும், சரியா நம்பணும்னு இல்லையே. பால்னு ஒரு ஆதி மனுஷன், புலி தன்ன சாப்பிடணும்னு ஆசைப்படறான், ஆனா பாக்கற புலியெல்லாம் தன்ன சாப்பிடாதுன்னு நினச்சு வேற நல்ல புலிய தேடி ஓடிடறான், ஆசையும் நம்பிக்கையும் தப்பு, உயிர் மட்டும் தப்பிச்சுடுது. டார்வினே 1881ல ஒரு லெட்டர்ல, கீழான விலங்குகள்ல இருந்து வந்த மனசோட தீர்மானங்கள நம்ப முடியுமான்னு ஒரு பயங்கரமான சந்தேகம் வருதுன்னு எழுதியிருக்காரு. பிளான்டிங்கா முடிக்கற இடம், அந்த ரெண்டையும் ஒன்னா புடிச்சுக்கறவனுக்கு தன் மனசயே நம்ப காரணம் போயிடுதுங்கறதுதான். பரிணாமம் பொய்ன்னு இல்ல. பால் கதை கொஞ்சம் இழுத்த மாதிரிதான் எனக்கு தோணுது, இத எதுத்து எழுதுன கட்டுரைங்களும் அவரு பதிலும் 'நேச்சுரலிசம் டிஃபீட்டட்?'னு 2002ல ஒரே தொகுப்பா வந்திருக்கு, பாதிக்கு மேல எதிர்ப்புதான், அத படிக்காம முடிவு பண்ணாதீங்க.

இவ்வளவும் முடிச்சப்புறம் முதல்ல நான் வேண்டாம்னு சொன்ன அந்த 500 பக்கத்துக்கு வாங்க, இப்ப படிக்க முடியும். ஓரத்துல 'தப்பில்ல'ன்னும் 'இருந்தா'ன்னும் எழுதிட்டே கடைசிப் பக்கம் வரைக்கும் போங்க. அங்க அவரே கேக்கறாரு, சரி, இதெல்லாம் உண்மையா? இந்தக் கேள்விக்கு பதில் சொல்றது தத்துவத்தோட சக்திக்கு மேலங்கறாரு. அப்புறம் தத்துவத்தோட பேர்ல இல்ல, என் பேர்ல சொல்றேன்னுட்டு, எனக்கு இது உண்மையாவே படுது, இருக்கறதுலயே முக்கியமான உண்மையா படுதுன்னு முடிக்கறாரு. கிறிஸ்தவ விசுவாசத்துக்குப் பக்கத்துல என் காப்பில 'உண்மை'ன்னு பென்சில்ல எழுதியிருக்கற ஒரே பக்கம் அது.